நீரிணைச் செய்திகளுக்கு ஒரு ரீடர்

பத்தாம் தரத்துக்கு அமிலமும் காரமும் படிப்பித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து, வழக்கம்போல போனில் ரீடரைத் திறந்தேன். செய்திகளுக்கு மேலே மஞ்சள் பட்டை ஒன்று கிடந்தது. இந்த மாத முடிவோடு சேவை நிறுத்தப்படுகிறது, இவ்வளவு காலமும் எங்களோடு இருந்ததற்கு நன்றி, நீங்கள் சேர்த்த தளங்களின் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். பக்கத்து மேசையில் இடியப்பப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த டீச்சர், "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். போனில் ஒரு செயலியை மூடப்போகிறார்கள், அதற்குத்தான் இந்த முகம் என்று யாரிடம் சொல்வது?

என் கணவர் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்பவர். மாதக்கணக்கில் கடல், பிறகு கொஞ்சக் காலம் ஆரையம்பதியில் வீடு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான். முன்பெல்லாம் கப்பல் எங்கே நிற்கிறது என்று நான் பெரிதாக யோசித்ததில்லை. எங்கே நின்றாலும் அவர் போன் எடுப்பார், சாப்பிட்டாயா என்று கேட்பார், அவ்வளவுதான். செங்கடலின் வாயிலில் உள்ள ஒடுக்கமான நீரிணையில் ஆயுதக்காரர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உலகப்படம் தேவைப்பட்டது. அநேகம் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. அவருடைய கப்பல் சுற்றவில்லை. "கொம்பனி சொன்னாப் போகத்தானே வேணும்" என்றார். அதற்கு மேல் கேட்டால் கதையை மாற்றிவிடுவார்.

அந்தக் காலத்தில் ஒருநாள் யாரோ போனில் ஒரு குழுவில் எரியும் கப்பலின் படத்தைப் போட்டார்கள். பெயரும் ஏறத்தாழ அவருடைய கப்பலின் பெயர். அன்று முழுக்க என்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை. அடுத்த நாள் அவர் அழைத்தார். நான் அழுததைக் கேட்டுவிட்டு, "இஞ்ச புள்ள, கண்டதையும் பாக்காத. கப்பல்காரருக்கு அறிவித்தல் போடுற இடம் ஒண்டு இரிக்கி. அதில வந்தா மட்டும்தான் உண்மை" என்று ஒரு தளத்தின் முகவரியைச் சொன்னார்.

அப்படித்தான் ரீடருக்கு வந்தேன். நமக்கு வேண்டிய தளங்களை அதில் சேர்த்து வைத்தால் போதும். எதில் புதிதாக ஏதாவது வந்தாலும் அது எடுத்துவந்து நேர ஒழுங்கில் அடுக்கும். விளம்பரம் இல்லை, யாருடைய கருத்தும் இல்லை. அந்த அறிவித்தல் தளத்தைச் சேர்த்தேன். கப்பற் செய்தித் தளங்கள் சில, வானிலை, நம் ஊர்ச் செய்தி, எனக்குப் பிடித்த ஒரு சமையற் பக்கம் என்று மற்றவையும் சேர்ந்தன. எல்லாவற்றையும் பார்த்து முடித்தால் திரை வெறுமையாகும். நடுவில் சாம்பல் எழுத்தில், வாசிக்கப் புதியது எதுவுமில்லை என்று வரும். அந்த வரியைக் கண்ட பிறகுதான் நான் சோற்றில் கை வைப்பேன். அது வராமல் எத்தனையோ நாள் உலையில் அரிசி குழைந்திருக்கிறது.

இதில் நான் மட்டும் இல்லை. அதே கப்பலில் சமையல்காரராக இருப்பவர் பக்கத்து ஊரான காத்தான்குடிக்காரர். அவருடைய மனைவியை நான் முதலில் கண்டது விமான நிலையத்துக்குப் போன வாடகை வான் வண்டியில். கணவர்மார் முன்னுக்கு இருந்து கதைத்துக்கொண்டே வந்தார்கள். நாங்கள் பின்னுக்கு, நடுவில் பயணப் பைகளோடு, ஒன்றும் பேசாமல் இருந்தோம். திரும்பி வரும்போது அதே வண்டியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பொலன்னறுவை தாண்டியதும் அவர் ஒரு இனிப்புப் பெட்டியைத் திறந்து, "மஸ்கற், சாப்பிடுங்க டீச்சர்" என்றார். காத்தான்குடியில் அக்காவை ராத்தா என்பார்கள். எனக்கும் அவர் அன்றிலிருந்து ராத்தா.

ராத்தா தமிழ் நன்றாக வாசிப்பார். ஆங்கிலம் தெரியாது. "நீங்க பாத்துச் சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா எனக்குக் காணும், வேற ஒண்டும் வேணாம்" என்றார். பாடசாலை விட்டுப் புளியந்தீவிலிருந்து வரும் பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது நான் ரீடரைப் பார்த்து முடித்திருப்பேன். காத்தான்குடியை நெருங்கும்போது ராத்தாவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவேன். "ஒண்டுமில்ல ராத்தா." அவர் உடனே, "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் போடுவார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு விளையாட்டு மாதிரித் தெரியும். எனக்கோ அது இரண்டு வீட்டின் பாரம்.

மஞ்சள் பட்டை வந்த நாளில் கப்பல் இந்தியாவின் மேற்குக் கரையில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றி முடித்தால் நேரே செங்கடல். மாத முடிவில்தான் நீரிணையைத் தாண்டும். ரீடர் சாகிற கிழமையும் அதேதான்.

அன்று பின்னேரமே மாற்று ஒன்றைத் தேடத் தொடங்கினேன். அதிகம் பேர் நட்சத்திரம் போட்டிருந்ததை இறக்கினேன். நல்ல நிறங்கள், பெரிய படங்கள். தமிழிலும் மெனு இருந்தது. உங்களுக்கு எவற்றில் ஆர்வம் என்று கேட்டது. கப்பல் என்று போட்டேன். அது எனக்கு உல்லாசக் கப்பல் பயணங்களையும் காட்டியது. பரவாயில்லை, பழகிவிடும் என்று நினைத்தேன். தமிழில் இருக்கிறதே என்று ராத்தாவின் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், இனி இரண்டு பேர் பார்ப்போம், பாரம் பாதியாகும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஒன்பதாம் தரத்தில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது காவலுக்கு நிற்கும் வாச்சர் வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"டீச்சர், கேற்றடியில ஒரு ஆள் வந்து நிக்கிறா. அழுறா."

நான் வெண்கட்டியோடு ஓடினேன். கேற்றுக்கு வெளியே ஆட்டோ ஒன்று நின்றது. ராத்தா அதிலிருந்து பாதி இறங்கியபடி, ஒரு கால் உள்ளே, ஒரு கால் நிலத்தில். அபாயாவுக்கு மேல் அவசரத்தில் சுற்றிய சால்வை நழுவிக் கிடந்தது. போனை என் முன்னால் நீட்டினார்.

திரையின் உச்சியில் ஒரு கப்பல். நீல உடம்பு, வெள்ளை மேல்மாடி, பின்பக்கம் கறுத்த புகை. அவர்களுடைய கப்பலும் நீலம்தான்.

தலைப்பை வாசிக்கிறேன், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நீரிணை, தாக்குதல், மாலுமிகள் என்று தனித்தனியாகத்தான் கண்ணில் பட்டன. திகதியைத் தேடினேன். படத்துக்குக் கீழே திகதி இல்லை. அதிகம் பேர் வாசிப்பது என்று மட்டும் இருந்தது. செய்தியைத் திறக்க விரல் சரியாகப் படவில்லை. வெண்கட்டித் தூள் திரையெல்லாம் அப்பிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுத் திறந்தேன். கடைசியில், அடியில், சின்ன எழுத்தில் திகதி இருந்தது. போன வருடத்துச் செய்தி.

"பழசு ராத்தா. இது பழசு."

"என்னது?"

"போன வருசத்துச் செய்தி. எங்கட கப்பல் இன்னும் இந்தியாவை விட்டே வெளிக்கிடல்ல. நேத்துத்தானே கதைச்சவங்க?"

ராத்தா என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிற பார்வை. திகதியைக் காட்டினேன். இலக்கங்களைத் தன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தார். பிறகு ஆட்டோவின் இருக்கையில் அப்படியே சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார். வாச்சர் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ராத்தா சால்வையைச் சரிசெய்தபடி, "அடுப்பில கறிய வெச்சிட்டு வந்திட்டன்" என்றார். அதைச் சொன்னதும் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் போனை என் கையில் வைத்தார்.

"இத அழிச்சிடுங்க டீச்சர். எனக்கு வேணாம். நீங்களே பாருங்க. நீங்க சொன்னாக் காணும்."

அழித்தேன். என்னுடையதிலும் அழித்தேன். வகுப்புக்குத் திரும்பினேன். பிள்ளைகளைப் புத்தகத்தில் வாசிக்கச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தேன். நான் படிப்பிக்கத் தொடங்கிய பிறகு அப்படிச் செய்த நாட்கள் மிகக் குறைவு.

அதற்குப் பிறகுதான் எங்கள் பாடசாலையில் கணினி படிப்பிக்கும் ஐ.ரி. சேரிடம் போனேன். இளம் ஆள், அவசரமே படாதவர். கணினி அறையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு பழைய இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். நான் பட்டபாட்டைக் கேட்டுவிட்டு, "டீச்சர், எது நல்லதெண்டு தேடாதீங்க. உங்களுக்கு என்ன வேணுமெண்டு முதல்ல சொல்லுங்க" என்றார்.

யோசித்துச் சொன்னேன். "வந்த ஒழுங்கில காட்டவேணும். திகதி பெருசாத் தெரியவேணும். எனக்கு எது முக்கியமெண்டு அது முடிவெடுக்கக் கூடாது. வாசிச்சு முடிச்சா, முடிஞ்சுதெண்டு சொல்லவேணும்."

அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "கடைசியாச் சொன்னீங்களே, அதுதான் இப்ப கஷ்டம். முடிஞ்சுதெண்டு சொல்லுறதுக்கு ஒருத்தருக்கும் விருப்பமில்ல."

ஆனாலும் ஒன்றைக் கண்டுபிடித்தார். யாரோ சிலர் ஓய்வு நேரத்தில் செய்து இலவசமாக விட்டிருக்கும் ரீடர். கணக்கு, கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கும். பார்வைக்கு ஒன்றுமில்லை, கறுப்பும் வெள்ளையும்தான். பழைய ரீடரிலிருந்து இறக்கிய கோப்பை அதற்குள் ஏற்றினார். என் தளங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சேர், நீங்க எவ்வளவு பெரிய உதவி செஞ்சிருக்கிறீங்க தெரியுமா?" என்றேன். அவர் கூச்சப்பட்டு மீண்டும் அந்த இயந்திரத்துக்குள் தலையை விட்டார்.

மாதம் முடிந்தது. பழைய ரீடர் திறக்கவில்லை. அன்றே கணவர் அழைத்தார். "இனிக் கொஞ்ச நாளைக்கு இன்டர்நெட்ட நிப்பாட்டிப்போடுவாங்க. பயப்பிடாத." பின்னால் சமையலறைச் சத்தம் கேட்டது. ராத்தாவின் கணவர் ஏதோ பகிடி சொல்ல இவர் சிரித்தார். அதோடு இணைப்பு அறுந்தது. கப்பல்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்திலும் அவர்களுடைய சின்ன அம்பு ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிட்டது. அந்தப் பகுதிக்குள் நுழையும்போது கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தை அறிவிக்கும் கருவியை அணைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் புதிய ரீடர் என்னைத் தாங்கியது. காலையில் திறந்தேன், அறிவித்தல் இல்லை. இடைவேளையில் இல்லை. பஸ்ஸில் இல்லை. சமையற் பக்கத்தில் பலாக்கொட்டைக் கறி வந்திருந்தது. ஊர்ச் செய்தியில் வாவியில் நீர் மட்டம் உயர்ந்ததைப் பற்றிப் போட்டிருந்தார்கள். கடல் அமைதியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். "ஒண்டுமில்ல ராத்தா" என்று அனுப்பினேன். அடுத்த நாளும் அனுப்பினேன். அந்த நாட்களில் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக நித்திரை கொண்டேன். இந்தப் பயணத்தை முன்னைய பயணங்களை விட நன்றாகத் தாங்குகிறேன் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

சனிக்கிழமை காலை அம்பு அசைந்தது. செங்கடலின் வடக்கே, ஆபத்தெல்லாம் தாண்டிய இடத்தில் கப்பல் வந்து நின்றது. குசினி அடுப்படியில் நின்றபடியே கும்பிட்டேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து இருந்தேன். எந்த வழியால் வந்திருப்பார்கள் என்று பார்க்கும் ஆசையில், அறிவித்தல் தளத்தில் உள்ள கடல் வரைபடத்தைப் பார்க்க நேரே அந்தத் தளத்துக்குப் போனேன்.

பக்கத்தின் மேலே இரண்டு அறிவித்தல்கள் இருந்தன. இரண்டும் அந்தக் கிழமைக்குரியவை. இரண்டும் நீரிணையில். ஒன்றில், ஒரு சரக்குக் கப்பலைச் சின்னப் படகுகள் நெருங்கின. மற்றதில், ஒரு கப்பலுக்கு அருகே கடலில் ஏதோ விழுந்து வெடித்தது. கப்பல் எதுவென்று எழுதமாட்டார்கள், எப்போதும் அப்படித்தான். மாலுமிகள் பாதுகாப்பாக உள்ளனர் என்று இருந்தது.

ரீடரைத் திறந்தேன். வாசிக்கப் புதியது எதுவுமில்லை என்றது.

ஐ.ரி. சேரை அழைத்தேன். அவர் ஒவ்வொரு பட்டனாகச் சொல்லச் சொல்ல, நான் இதுவரை போகாத ஒரு பக்கத்துக்குள் போனேன். அங்கே எல்லாத் தளங்களின் பெயர்களும் இருந்தன. அறிவித்தல் தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி.

"அந்தத் தளம் எப்பவோ செய்தி அனுப்புற முகவரிய மாத்தியிரிக்கி டீச்சர். பழைய ரீடர் தானாத் தேடிப் பிடிச்சிரிக்கி. இது பிடிக்கல்ல. நான் ஒவ்வொண்டாத் திறந்து பாத்திருக்கவேணும்" என்றார். அவர் குரலில் வருத்தம் தெரிந்தது. உங்களில் பிழையில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு அன்றைக்குத்தான் பயம் வந்தது. அவர்கள் தாண்டிவிட்டார்கள், அம்பு கண்முன்னே வடக்கில் நிற்கிறது, என்றாலும் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். அறிவித்தல்கள் வந்த இரண்டு நாட்களிலும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருநாள் சந்தையில் மீன் விலை பேசியிருக்கிறேன். மற்ற நாள் அந்தப் பலாக்கொட்டைக் கறியைச் சமைத்து, நல்லாயிருக்கென்று இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

அன்று பின்னேரம் அவர் அழைத்தார். கால்வாயில் நுழையக் காத்து நிற்கிறார்களாம். நான் கேட்டேன்.

"படகு வந்தது உங்கட கப்பலுக்கா?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சொல்லுங்க."

"எங்களுக்குத்தான். மணி அடிச்சவுடனே எல்லாரும் கீழ இறங்கிட்டம். எஞ்சின் சூட்டுக்குள்ள கொஞ்ச நேரம் இருந்த நாங்க. பிறகு அவங்க திரும்பிப் போயிட்டாங்க. அவ்வளவுதான்."

நான் எனக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நல்லதுதானே புள்ள, அந்த நேரம் நீ நித்திரை கொண்டிருக்கிறாய்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. யாரில் கோபம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

ராத்தாவிடம் போனில் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த நாள் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். அவர் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கப்பல் தாண்டிவிட்டது என்று அவருடைய கணவரும் அழைத்துச் சொல்லியிருந்ததால் முகம் மலர்ந்து கிடந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் புள்ளி, இரண்டு அறிவித்தல், படகு, எல்லாம்.

கேட்டு முடித்ததும் ராத்தா சால்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். படகு வந்தது அவர்களுடைய கப்பலுக்குத்தான் என்பதை அவருடைய கணவர் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நீங்க வேணுமெண்டு செய்யல்லையே டீச்சர்" என்றார் கடைசியில். பிறகு, "ஒண்டு மட்டும். இனி ஒண்டுமில்ல எண்டு எனக்குச் சொல்லாதீங்க. பாத்தன், காணல்ல எண்டு சொல்லுங்க. அது காணும் எனக்கு."

சரி என்றேன். அவர் எழுந்து தேத்தண்ணி போடப் போனார். பாயில் நான் தனியே இருந்தேன். வெளியே காகங்கள் மிளகாய்க்கு வந்து வந்து ஏமாந்து போயின.

அந்த ரீடரையே வைத்துக்கொண்டேன். வேறு எதற்கும் மாற மனத்தில் பலம் இல்லை. ஐ.ரி. சேர் புதிய முகவரியைப் போட்டுத் தந்தார், சிவப்புப் புள்ளி போய்விட்டது. என்றாலும் ரீடரைப் பார்த்துவிட்டு அறிவித்தல் தளத்தையும் நேரே திறந்து பார்ப்பேன். அப்படியானால் ரீடர் எதற்கு என்று சேர் ஒருநாள் கேட்டார். கதவைப் பூட்டிவிட்டு மறுபடியும் இழுத்துப் பார்ப்பதில்லையா, அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாரி தொடங்கிய நேரம் கணவர் லீவில் வந்தார். சமையல்காரருக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. கப்பல் அவரோடு மீண்டும் அதே நீரிணை வழியாகக் கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இவர் வந்த மறுநாளே ராத்தா ஒரு பெரிய பாத்திரத்தில் வட்டிலப்பம் கொண்டுவந்தார். தன் கணவர் மெலிந்திருக்கிறாரா, இருமல் விட்டதா, கோபம் குறைந்ததா என்று இவரிடம் விசாரித்தார். இவர் எல்லாவற்றுக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். மழை விட்டதும் ராத்தா புறப்பட, நான் கேற் வரைக்கும் கூடப் போனேன். குடையை விரிப்பதும் மடிப்பதுமாக நின்றார். எதையோ கேட்க வந்திருக்கிறார் என்று விளங்கியது. நானாகக் கேட்கவில்லை.

"டீச்சர், ஒங்கட ஆள்தான் வந்திட்டாரே" என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "இனி நீங்க அத எல்லா நாளும் பாக்கமாட்டீங்கதானே?"

"காலையில பாத்தன் ராத்தா. பஸ்ஸிலயும் பாத்தன். உங்களுக்குச் செய்தி போட்டிருக்கிறன், நீங்க இஞ்ச வாற அவசரத்தில கேக்கல்ல போல."

அவர் கைப்பைக்குள் போனைத் தேடி எடுத்து, அங்கேயே, தூறலில் நின்றபடி, என் குரலைக் காதில் வைத்துக் கேட்டார்.